புட்டிப் புகையும் தொட்டிக்கரிப் புகையும்

என் மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இறைச்சி, முட்டையோடு நிற்காமல் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விட்டுவிட்டாள். வீகன் என்று அவள் சொன்னதும், தமிழில் நனிசைவம் என்று சிலர் எழுதுவதும் ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஈரோட்டில் எங்கள் வீட்டில் இது சிறிய செய்தி அன்று. ஊத்துக்குளி வெண்ணெயை வாங்கி வந்து வீட்டிலேயே உருக்கி நெய்யெடுக்கும் என் தாயார், பேத்தியின் முகத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மோரு கூடவா ஆகாது?" என்று கேட்டார். "ஆகாதுங்க அம்மிச்சி" என்று அவள் பணிவாகத்தான் சொன்னாள். அந்தப் பொங்கல் விடுமுறைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மொட்டை மாடியில் கரியடுப்பு மூட்டிக் காளானும் வாழைக்காயும் சுட்டு, பார்பிக்யூ சாஸ் தடவிச் சாப்பிட வேண்டும்.

அதற்காகக் கடையில் இரண்டு புட்டி சாஸ் வாங்கினேன். பிறகு மூன்றாவதாக ஒன்றை வீட்டிலேயே காய்ச்சினேன். ஆறு வாரங்களாக வெவ்வேறு பண்டங்களோடு கடைசி இரண்டையும் தொட்டுப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். புட்டிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறைகள் இந்த வகைச் சாஸ்கள் பலவற்றிலும் இருப்பவை. ஆகவே பெயரைவிட, புட்டியைக் கையில் எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதே வாசகருக்குப் பயன்படும்.

முதல் புட்டியைக் கோவை ஆர்.எஸ்.புரத்தில் கேக் செய்யும் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். வீகன் சாஸ் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தால், மூலப்பொருள்களின் வரிசையில் நான்காவதாகத் தேன் இருந்தது. மறுவாரம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர், "பச்சைப் புள்ளி போட்டிருக்குதுங்களே, அப்புறம் என்னங்க?" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டுச் சட்டப்படி பச்சைப் புள்ளி சைவ உணவுக்கு உரியது. பாலும் தேனும் அதற்குள் அடங்கும். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் தனி விதிமுறைகளையே வெளியிட்டு, ஆங்கில 'வி' எழுத்தைக் கொண்ட ஒரு பச்சை முத்திரையையும் வகுத்திருக்கிறது. வாங்குபவர் தேட வேண்டியது அந்த முத்திரையை. அது இல்லாத புட்டியாக இருந்தால் மூலப்பொருள் பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தே தீர வேண்டும். மூடி திறக்காத புட்டி என்பதால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்; அந்த வகையில் கடைக்கு முழு மதிப்பெண்.

மாற்றிக் கிடைத்த இரண்டாவது புட்டியில் வீகன் முத்திரை இருந்தது. 340 கிராம், விலை 325 ரூபாய். மூலப்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி என்பதால், பட்டியலின் முதல் மூன்று சொற்களே ஒரு சாஸின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும். இதில் முதலில் சர்க்கரை, இரண்டாவது தண்ணீர், தக்காளி விழுது மூன்றாவதாகத்தான் வருகிறது. பிறகு அசிட்டிக் அமிலம், உப்பு, கெட்டிப்படுத்த 415 எண்ணுள்ள சாந்தன் பிசின், கருநிறத்துக்கு 150டி எண்ணுள்ள கேரமல் நிறமி, கெடாமல் இருக்க 211 எண்ணுள்ள சோடியம் பென்சோயேட், கடைசியில் புகைச் சுவையூட்டி. இவற்றில் எதுவும் விலங்கிலிருந்து வருவது அன்று. வீகன் என்ற வாக்கைப் புட்டி காப்பாற்றியிருக்கிறது. அஞ்ச வேண்டிய பொருளும் எதுவும் இல்லை. சுவையைப் பொறுத்தவரை மூன்று சொல் போதும்: இனிப்பு, இனிப்பு, புகை. நாக்கில் வைத்தவுடன் சர்க்கரைப் பாகு, அடுத்த நொடியில் தொண்டையின் பின்பக்கம் மருந்துக்கடை வாசனை போன்ற ஒரு புகை. தக்காளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தனித்துச் சாப்பிடுவதைவிடச் சுட்ட பண்டத்தின் மேல் தடவினால் சற்று மேல். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளப் பிள்ளைகள் விரும்புவார்கள். ஐந்துக்கு மூன்று தருவேன்; அதிலும் அரை மதிப்பெண் முத்திரையின் நேர்மைக்காக.

இந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் இருப்பது என்ன, நம் சமையலறையில் இல்லாதது என்ன என்று யோசித்தபோதுதான் வீட்டில் செய்யும் எண்ணம் வந்தது. பார்பிக்யூ என்ற சொல், கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் இறைச்சியைச் சுட வைக்கும் மரப்பரணுக்குச் சொன்ன பெயர் ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்பார்கள். சாஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் அமெரிக்காவில் ஊருக்கு ஒரு விதம் உண்டு. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் மட்டுமே கொண்ட தண்ணீர் போன்ற சாஸ், தென் கரோலினாவில் கடுகுச் சாஸ், அலபாமாவில் மயோனைஸ் கலந்த வெள்ளைச் சாஸ். நாம் புட்டியில் பார்க்கும் கெட்டியான, கருஞ்சிவப்பான, இனிப்பான வகை கான்சாஸ் சிட்டிப் பாணியைச் சேர்ந்தது; தக்காளி, மொலாசஸ் என்னும் கரும்புப் பாகு, வினிகர், மிளகாய் என்பவை அதன் நான்கு தூண்கள். பார்த்தால் நான்குமே தாவரப் பொருள்கள். பிறகு வீகனுக்குத் தடை எங்கிருந்து வருகிறது என்றால், மூன்று இடங்களிலிருந்து: இனிப்புக்குத் தேன், மினுமினுப்புக்கு வெண்ணெய், ஆழத்துக்கு வூஸ்டர் சாஸ். இந்த மூன்றாவதுதான் சத்தமில்லாமல் உள்ளே வருவது. 1837 முதல் இங்கிலாந்தில் விற்கப்படும் அந்தக் கறுப்புச் சாஸின் மூலச் செய்முறையில் நெத்திலி வகை மீனை உப்பிலிட்டுச் சேர்க்கிறார்கள். அதே செய்முறையில் நம் புளியும் இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மீனை எடுத்துவிட்டுப் புளியை வைத்துக்கொண்டு, சோயா சாஸ் ஒரு கரண்டி விட்டால் அந்த இடம் நிரம்பிவிடும். சோயா சாஸின் கறிச்சுவைக்குக் காரணமான குளூட்டமேட் பழுத்த தக்காளியிலும் உண்டு. இரண்டும் சேரும்போது மீன் இல்லாத குறை தெரிவதில்லை.

மொலாசஸ்தான் முதலில் சிக்கலாகத் தோன்றியது. நம் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளிலிருந்து வரும் மொலாசஸ், சாராய வடிப்பாலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, மளிகைக் கடையில் யாரும் கேட்டதில்லை. ஆனால் மொலாசஸ் என்பது வெள்ளைச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கருப்புப் பாகு. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் அந்தப் பாகு பிரிக்கப்படுவதே இல்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பதம் வந்ததும் தேய்த்து உதிர்த்தால் சர்க்கரையும் பாகும் ஒன்றாகவே தூளாகிவிடுகின்றன. அமெரிக்கச் செய்முறைகள் பழுப்புச் சர்க்கரை ஒரு பங்கு, மொலாசஸ் ஒரு பங்கு என்று தனித்தனியாகக் கேட்பதை இது ஒன்றே நிறைவேற்றுகிறது. பழநிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து நாட்டுச் சர்க்கரை வாங்கப்படுவது ஈரோட்டுக்காரர்களுக்குப் பெருமையான செய்தி; அந்தப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெளிறிய மஞ்சள் நிறச் சர்க்கரையை வாங்காதீர்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும் அது இந்தச் சாஸில் வெறும் இனிப்பாக நின்றுவிடும். நான் கேட்டு வாங்கியது கருஞ்செம்மை நிறத்தில், விரலால் நசுக்கினால் சற்று ஒட்டும் ஈரத்தோடு இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னங்கருப்பட்டியையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மணம் நன்றாக இருந்தாலும் இனிப்பு மென்மையாக இருந்ததால் வினிகரின் புளிப்பு முன்னால் வந்துவிட்டது.

இனி நான் செய்த முறை. நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ. நாட்டுத் தக்காளியாக இருந்தால் புளிப்பும் மணமும் கூடும். கலப்பினத் தக்காளியில் சதை கூடும். நான் பாதிப் பாதியாக எடுத்தேன். கிணத்துக்கடவுச் சந்தைக்கு வரத்துப் பெருகி விலை சரியும் நாள்களில் இதைச் செய்வது புத்திசாலித்தனம். தக்காளியைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டுத் தோலுரித்து, மிக்ஸியில் அரைத்து, விதை நீங்க வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஆறு வரமிளகாயை விதை தட்டி வெந்நீரில் ஊறவைத்துத் தனியாக விழுதாக்க வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயின் விதையைத் தட்டிவிட்டுத் தோலை மட்டும் போடுகிறோமே, அதே காரணம்தான்: காரம் அடங்கி, நிறமும் மணமும் நிற்கும். கனமான அடியுள்ள எவர்சில்வர் போசியில் இரண்டு மேசைக்கரண்டி செக்குக் கடலை எண்ணெயை ஊற்றி, 100 கிராம் சின்ன வெங்காயத்தையும் எட்டுப் பல் பூண்டையும் பொடியாக அரிந்து, ஓரம் சிவக்கும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். அலுமினியம், பித்தளை, ஈயம் பூசாத செம்பு ஆகியவை வேண்டாம். தக்காளியும் வினிகரும் புளியும் ஒன்றாகக் கொதிக்கும்போது உலோகச் சுவை இறங்கிவிடும். இரும்பு வடச்சட்டியும் இதற்கு ஆகாது.

வதங்கியதும் மிளகாய் விழுது, ஒரு சிறு கரண்டி கடுகுத் தூள், ஒரு சிறு கரண்டி மிளகுத் தூள், இரண்டு சிறு கரண்டி உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறி, தக்காளிச் சாற்றை ஊற்ற வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த கெட்டிச் சாறும், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும், 40 மில்லி வினிகரும் இப்போதே சேரும். இன்னொரு 40 மில்லியை ஒதுக்கி வைக்க வேண்டும். வினிகரின் கூர்மை ஆவியோடு பறந்துவிடுவது. முழுவதையும் முதலிலேயே ஊற்றினால் ஒரு மணி நேரக் கொதியில் சமையலறை மணக்குமே தவிரச் சாஸில் மிஞ்சாது. நாட்டுச் சர்க்கரை 120 கிராமையும் உடனே போடக் கூடாது. தக்காளியில் 100-க்கு 94 பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். அது வற்றிப் பாதியாகும் முன் சர்க்கரை உள்ளே போனால் அடிபிடிக்கும். நான் முதல் முறை அப்படித்தான் அடிபிடிக்க விட்டு, கருகல் நாற்றத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கீழே கொட்டினேன். பாதியாக வற்றிய பின் சர்க்கரையை ஒரு சிறு குண்டாவில் வெந்நீர் விட்டுக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்த்தேன். துணியில் தங்கிய மணலையும் கரும்புச் சக்கைத் துணுக்கையும் பார்த்த பிறகு வடிகட்டாமல் நாட்டுச் சர்க்கரை சேர்க்க எனக்குத் துணிவில்லை.

இந்தக் கட்டத்தில் சாஸ் கெட்டியாகிப் பொங்கித் தெறிக்கத் தொடங்கும். என் வலது மணிக்கட்டில் இன்னும் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. மூடியைச் சற்றே சாய்த்து வைத்து, தீயைச் சிம்மில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவ வேண்டும். பதம் பார்க்க ஒரு தட்டைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, அதில் ஒரு சொட்டு விட்டு, நடுவே விரலால் கோடு இழுக்க வேண்டும். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் கொதிக்க வேண்டும். இரு கரையும் அப்படியே நின்றால் அடுப்பை அணைக்கலாம். சூட்டில் சற்றுத் தளர்வாகத் தெரிந்தாலும் ஆறினால் இறுகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அணைத்த பின் மீதி வினிகரை ஊற்றி, ஒருமுறை மிக்ஸியில் சுற்றினால் வெங்காயத் துணுக்குகள் மறைந்து பளபளப்பு வரும். ஒரு கிலோ தக்காளிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ சாஸ் கிடைத்தது. அடுப்பில் வைத்தது முதல் இறக்கும் வரை ஒன்றேகால் மணி நேரம்.

மஞ்சள் தூள் போடவில்லையா என்று என் தாயார் மூன்று முறை கேட்டார். ஈரோட்டில் இருந்துகொண்டு மஞ்சள் இல்லாமல் ஒரு பண்டத்தைக் காய்ச்சுவது அவருக்கு அமங்கலமாகவே பட்டது. ஒரு முறை அவர் மனம் கோணாமல் அரைக் கரண்டி போட்டேன். நிறம் செங்கல் ஆனது; வாசனை தக்காளித் தொக்கு ஆனது. தொக்கு அருமையான பண்டம்தான், மறுநாள் சந்தகைக்கு (பிற ஊர்களில் சேவை) அதை வைத்துச் சாப்பிட்டோம். ஆனால் கேட்டு வந்தவளுக்கு அது பார்பிக்யூ சாஸ் இல்லை. பெருங்காயம், கறிவேப்பிலை, வெந்தயம் ஆகியவற்றுக்கும் இதே சொல்தான்.

இப்போது புகைக்கு வருகிறேன், ஏனெனில் புட்டிக்கும் வீட்டுச் சாஸுக்கும் உண்மையான போட்டி அங்கேதான். புட்டியில் இருக்கும் புகைச் சுவையூட்டி பொய்ப் பொருள் அன்று. மரத்தை எரித்து வரும் புகையைக் குளிரவைத்து நீரில் பிடித்தெடுக்கும் திரவம் அது. அளவு மீறும்போதுதான் மருந்துக்கடை வாசனை வருகிறது. வீட்டில் இதற்கு மாற்று, கனலும் கரித்துண்டை ஒரு கிண்ணத்தில் வைத்து, பண்டத்தின் நடுவே இறக்கி, மேலே நெய் விட்டு மூடும் வடநாட்டு முறை. நெய் ஆகாது என்பதால் கடலை எண்ணெய் விட்டேன். கரிக்குக் காங்கேயம் இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. எண்ணெய் ஆலைகளும் தேங்காய்க் களங்களும் நிறைந்த அந்தப் பக்கத்தில் தொட்டிக்கரிக்கு என்ன பஞ்சம்? (சிரட்டை, கொட்டாங்குச்சி என்றெல்லாம் பிற ஊர்க்காரர் சொல்வதுதான் எங்களுக்குத் தொட்டி.) கரி கங்காகிச் சாம்பல் பூத்ததும் கிண்ணத்தில் எடுத்து வைத்து, எண்ணெய் சொட்டி, மூடினேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து சுவைத்தால், எண்ணெய் காந்திய காறல் வாசனைதான் இருந்தது. நான் எதிர்பார்த்த மணம் இல்லை.

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விடை எளிது, சமையல் காணொளிகளில் யாரும் சொல்லாதது. கரி என்பது மணம் முழுவதும் வெளியேறிய பிறகு மிஞ்சும் பொருள். தொட்டியைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கும்போதே, மணக்கும் புகை எல்லாம் கரிச்சூளையில் போய்விடுகிறது. அதனால்தான் நல்ல கரி புகையாமல் எரிகிறது; அதனால்தான் அதற்கு விலை. புகை மணம் பிறப்பது மரத்திலும் தொட்டியிலும் உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் உடையும்போது. லிக்னின் மிகுந்த பொருள்களில் தேங்காய்த் தொட்டி முன்வரிசையில் நிற்பது. ஆகவே மணத்துக்குத் தேவை சுடாத தொட்டி. கரி அதற்கு அடுப்பு மட்டுமே. நார் துளியும் இல்லாமல் சுரண்டிய காய்ந்த தொட்டியை உடைத்து, கட்டைவிரல் நகத்தளவு சில்லு இரண்டை எடுத்துக் கங்கின் மேல் வைத்தேன். எண்ணெய் விடவே இல்லை. பத்து நொடியில் வெண்மையான, சற்று இனிப்பான புகை எழுந்தது; ஆலையில் தேங்காய் உலர்த்தும் களத்தின் ஓரம் நடந்தால் மூக்கில் படும் அதே மணம். நாரை அப்படியே விட்டால் கண் எரியும் புகை வரும் என்பதால் சுரண்டுவதில் சோம்பல் கூடாது.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். புகை குளிர்ந்த பரப்பில்தான் நன்றாகப் படியும். கொதிக்கும் சாஸிலிருந்து எழும் ஆவி அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே சாஸ் நன்றாக ஆறிய பிறகு, வாயகன்ற பாத்திரத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பிப் புகை காட்ட வேண்டும். நேரம் நான்கு நிமிடம். எட்டு நிமிடம் விட்ட ஒரு தடவை சாம்பல் கசப்பு ஏறி, நாட்டுச் சர்க்கரையாலும் அதை மீட்க முடியவில்லை. மூடியைத் திறந்து, கிண்ணத்தை வெளியே எடுத்து, சாஸைக் கிளறி மறுபடியும் பரப்பி, இன்னொரு சில்லோடு இரண்டாம் முறை நான்கு நிமிடம் காட்டுவது மேல். கங்கு எரியும்போது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால், இந்த வேலையைச் சமையலறைக்குள் கதவடைத்துச் செய்யாமல் வாசலிலோ மொட்டை மாடியிலோ செய்ய வேண்டும்.

இனி ஒப்பீடு. பொங்கலுக்கு மறுநாள் மாலை மாடியில் கரியடுப்பு மூட்டினோம். பால்காளான், வாழைக்காய், பிஞ்சுச் சோளக்கதிர் ஆகியவற்றை ஒரே கம்பியில் கோத்து, பாதிக் கம்பிகளுக்குப் புட்டிச் சாஸ், பாதிக்கு வீட்டுச் சாஸ். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நம் வெயிலுக்கேற்ற இரகங்களை உருவாக்கிப் பரப்பிய பால்காளான் இந்த வேலைக்கென்றே பிறந்தது. தண்டு தடிமனாக, கறி போல நார்நாராகப் பிரியும், மொட்டுக் காளான் போலச் சுருங்கி நீர் விடாது. சாஸை முதலிலேயே தடவக் கூடாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் அளவில் நிறம் மாறத் தொடங்கி, அதைத் தாண்டினால் கருகிவிடும். கங்கின் சூடு அதைவிடப் பல மடங்கு. எண்ணெயும் உப்பும் மட்டும் தடவிச் சுட்டு, வெந்த பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை சாஸ் பூச வேண்டும். புட்டிச் சாஸ் சர்க்கரை மிகுதியால் சீக்கிரமே கருப்புப் புள்ளியிட்டது. ஆனால் அதன் பளபளப்பு அழகானது, கண்ணாடி பூசியது போல. நம் சாஸ் மங்கலான செம்மையோடு, ஓரங்களில் மட்டும் பாகு இறுகி நின்றது. கடித்தால் முதலில் தக்காளி, பிறகு மிளகாயின் காரம் மெல்ல ஏறி, இனிப்பு கடைசியில் வருகிறது. வாழைக்காய்க்கு இது பொருந்திய அளவு வேறெதற்கும் பொருந்தவில்லை. சோளத்துக்குப் புட்டிச் சாஸே மேல் என்று என் மகள் சொன்னாள். நானும் ஒப்புக்கொள்கிறேன், சோளத்தின் இனிப்பைப் புளிப்புள்ள சாஸ் அமுக்கிவிடுகிறது.

பார்பிக்யூ அல்லாத இடங்களிலும் முயன்றோம். சேலத்துத் தட்டுவடை செட்டில் சிவப்புச் சட்னிக்குப் பதில் வீட்டுச் சாஸ், பச்சைச் சட்னி வழக்கம்போல, மேலே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும்: இது எதிர்பாராத வெற்றி. கோவை ரோட்டுக்கடைக் காளானில் கலந்தது தோல்வி. அந்தக் குழம்பில் ஏற்கெனவே எல்லாச் சுவையும் இருக்கிறது, இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை. தோசைக்கு யாரும் தொட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டுச் சாஸின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, ஒருமுறை வந்த சுவை மறுமுறை வருவதில்லை. தக்காளியின் புளிப்பு வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நாட்டுச் சர்க்கரையும் மூட்டைக்கு மூட்டை மாறுகிறது. புட்டி எந்த நாள் திறந்தாலும் ஒரே சுவை. இரண்டாவது, ஆயுள். கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில், ஈரக் கரண்டி படாமல், குளிர்பெட்டியில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுகிறேன். வெளியில் வைக்க நான் துணிய மாட்டேன். தக்காளியின் புளிப்பு எப்போதும் ஒரே அளவில் இராது என்பதால், வீட்டில் அளந்து பார்க்க வழியில்லாத நாம் வினிகரைக் குறைக்கவும் கூடாது. மூன்றாவது, உழைப்பு. ஒன்றேகால் மணி நேரம் அடுப்படி, அரை மணி நேரம் மாடி, பிறகு தெறித்த சுவரைத் துடைப்பது. பணக் கணக்கில் மட்டும் வீட்டுச் சாஸ் வெல்கிறது: எரிவாயு நீங்கலாக அரைக் கிலோவுக்கு எனக்கு 80 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. புட்டியில் அதே எடைக்கு 475 ரூபாய்க்கு மேல்.

யாருக்கு எது என்று கேட்டால், மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வறுவலோடு தொட்டுக்கொள்ளக் கொடுப்பவர் முத்திரை பார்த்துப் புட்டியையே வாங்கலாம். கரியடுப்பு மூட்டும் அளவுக்கு ஆர்வமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவர் தாமே காய்ச்சலாம். அவர்களுக்கு வீட்டுச் சாஸுக்கு ஐந்துக்கு நாலரை. புகை காட்ட இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர் அந்தப் படியை விட்டுவிட்டாலும் கெட்டுவிடாது, அப்போது அதற்கு நாலு.

புட்டிச் சாஸ் இன்னும் கால்வாசி குளிர்பெட்டிக் கதவில் நிற்கிறது. வீட்டுச் சாஸில் ஒரு புட்டியை மகள் பெங்களூருக்கு எடுத்துப்போனாள். மூடிக்கு மேல் நெகிழித் தாளைச் சுற்றி, நூல் கட்டி, துணிகளுக்கு நடுவே வைத்தனுப்பியது அவளுடைய அம்மிச்சிதான். அன்று மாடியில் அவரும் ஒரு வாழைக்காய்த் துண்டைச் சாஸில் தோய்த்துச் சாப்பிட்டு, "புளிக்கொழம்பாட்டத்தான் இருக்குது, ஆனா நல்லாருக்குது" என்றார். அடுத்த முறைக்கு வரமிளகாயை எட்டாக்கச் சொல்லி மகளிடமிருந்து செய்தி வந்திருக்கிறது.